செக்ரோலில் ஏறாத முதுமை

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் செக்ரோல் ஏட்டில் ஒருவரின் பெயருக்கு நேரே விழும் குறியே அவருடைய கூலி என்பதால், கூலிக்கே அந்தச் சொல் நிலைத்துவிட்டது. பூண்டுலோயாவின் டன்சினன், சீன் போன்ற தோட்டங்களிலும் மலையகமெங்கும் லயம் என்ற வரிசை வீட்டுக் காம்பரா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, தோட்டத்து மருந்து, அரிசி, பிரசவப் பணம் என எல்லாமே நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஏட்டைச் சுற்றித்தான் நடந்தன. ஏட்டில் இருப்பவருக்கு ஏற்பாடு இருந்தது. நாளைக்கு ஏட்டில் ஏறப்போகும் பிள்ளைக்கும் இருந்தது. பேர் வெட்டப்பட்ட கிழவனுக்கும் கிழவிக்கும் என்ன என்ற கேள்விக்கு மட்டும் அந்த ஏட்டில் ஒரு பத்தி கூட ஒதுக்கப்படவில்லை. இன்று இளையோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய், பகல் நேரத்து லயங்களில் வயதானவர்களும் அவர்களிடம் விடப்பட்ட பேரப்பிள்ளைகளுமே மிஞ்சும் நிலையில், அந்த வெறுமை பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது புதிதாக முளைத்தது அல்ல. தோட்டத்து நலன்புரி வரலாற்றின் முதல் நாளிலிருந்தே அது அங்கே இருக்கிறது.

கோப்பிக் காலத்திலிருந்து பார்த்தால்தான் இது விளங்கும். 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். இந்த ஏற்பாட்டில் தோட்டத்துரைக்குக் கிடைத்தது ஒரு மனிதனின் வேலை செய்யும் வயது மட்டுமே. அவனைப் பெற்று வளர்த்த செலவைத் தமிழ்நாட்டு ஊர் ஏற்றுக்கொண்டது. அவன் கிழவனான பின் சோறு போட்டதும் அதே ஊர்தான். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பின்னால் பச்சைச் செதில் பூச்சியும் சேர்ந்துகொண்டது. அந்தப் பூச்சியை 1889இல் அறிவியல் முறையில் விவரித்த எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் பூண்டுலோயாவில் தோட்டம் நடத்தியவர். அவர் 1896 முதல் வெளியிட்ட ஐந்து பாக நூலில் பூண்டுலோயா என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தச் சிறு பள்ளத்தாக்கின் பூச்சிகள் இனம் இனமாகப் பெயரிடப்பட்டுப் பதிவாகின. அதே மலைகளில் வாழ்ந்து முடிந்த மனிதர்களின் முதுமையைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு கவனத்தோடு எழுதியவர் யாரும் இல்லை. அந்தக் காலத்துச் சமூக வரலாற்றைத் தேடுகிறவர்கள் சட்டங்களையும் குடிசன மதிப்பீடுகளையும் வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கோப்பி சாய்ந்து தேயிலை எழுந்தபோது வேலையின் இயல்பே மாறியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர் அடுத்த இருபது ஆண்டுகளில் மலைநாட்டை மூடியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்து வருடம் முழுக்க வரும். ஒரு மலையைச் சுற்றி முடிப்பதற்குள் அடுத்த மலை முற்றிவிடும். அதற்குப் பெண்களின் கை வேண்டும், பெண்கள் நிரந்தரமாகத் தங்க வேண்டும், தங்கினால் குடும்பம் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாகக் கட்டப்பட்டது இதனால்தான். 1911 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 5 லட்சத்து 30 ஆயிரம் பேர். 1946இல் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஊர் ஏற்றிருந்த செலவில் ஒரு பாதி, அதாவது பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும், இப்போது தோட்டத்துக்குள் வந்துவிட்டது. மறுபாதியான முதுமையும் கூடவே வந்தது. ஆனால் கணக்குப் புத்தகம் முதல் பாதியை மட்டுமே ஏற்றது.

சட்டங்களை வரிசையாகப் படித்தால் இது வெளிச்சமாகும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கான முதல் சட்டம் 1872இல் வந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தர வேண்டும் என்றது. கைக்குழந்தையின் மருத்துவத்துக்கும் துரையைப் பொறுப்பாக்கியது. 1920 கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1939இல் பிரசவ நன்மைச் சட்டம் வந்தது. தாய், சேய், மாணவன், தொழிலாளி என்று ஒவ்வொரு சட்டமும் ஒரு மனிதரைக் கைகாட்டுகிறது. இந்த வரிசையில் வயதானவர் எங்கும் இல்லை. உழைக்க முடியாதவரைச் சட்டம் நினைத்துப் பார்த்த ஒரே இடம், அவரைத் திருப்பி அனுப்பும் இடம்தான். 1923க்குப் பிந்தைய விதிகளின்படி, வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டவரை இலவசமாக இந்தியாவுக்கு அனுப்பலாம். முதுமையும் இயலாமையும் கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரின் பொறுப்பு என்ற கோப்பிக் கால நினைப்பு, தேயிலை நிலைத்து இரண்டு தலைமுறை ஆன பின்னும் மாறவில்லை.

அந்தக் காலத்தில் எத்தனை பேர் கிழவயதுவரை வாழ்ந்தார்கள், இல்லாதவர்களுக்காக எதற்குச் சட்டம் என்று ஒருவர் கேட்கலாம். ஆயுள் குறுகியதாக இருந்தது மெய்தான். ஆனால் வயதானவர்கள் இல்லாமல் இல்லை. காவலுக்கும், கூட்டிப் பெருக்குவதற்கும், பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டுவதற்கும் அவர்களைத்தான் வைத்தார்கள். நல்ல துரைகள் அதைக் கருணையோடு செய்தார்கள் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவும் ஒரு பேருக்கான வேலைதான். கை நடுங்கித் தொட்டிலும் ஆட்ட முடியாமல் போன நாளில் அந்த ஏற்பாடு நின்றுவிடும். அன்பு இருந்த தோட்டத்தில் இருந்து, அன்பு இல்லாத தோட்டத்தில் இல்லாமல் போகும் ஒன்றை உரிமை என்று சொல்ல முடியாது.

மலையகத்தின் உண்மையான துயரம், நாடு நலன்புரி நாடாக மாறிய அதே காலத்தில் அந்த மாற்றம் தோட்டத்து எல்லையில் நின்றுபோனதுதான். இலங்கை 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்றது. 1940களில் அரிசிப் பங்கீடும் 1945இல் இலவசக் கல்வியும் வந்தன. அரச மருத்துவமனைகள் கிராமங்களை எட்டின. ஏழை நாடு ஒன்று தன் மக்களின் ஆயுளை இவ்வளவு விரைவாக உயர்த்தியதை உலகப் பொருளியலாளர்கள் வியந்து எழுதினார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. குடியுரிமை கோர வழி தந்த 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். குடியுரிமை இல்லாதவர் அரசிடம் கேட்க முடியாது, தோட்டத்திடம்தான் கேட்க வேண்டும். அதனால் கிராமத்தில் அரசு மருத்துவர் வந்துவிட்ட பிறகும் தோட்டத்தில் டிஸ்பென்சரின் மருந்துத் தண்ணீரே மருத்துவம்; கிராமத்துப் பிள்ளை மகா வித்தியாலயம் போனபோது தோட்டத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்றது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977க்குப் பிறகுதான். 1973, 74இல் உணவுப் பங்கீடு சுருங்கியபோது நாட்டில் வேறெங்கும் காணாத அளவுக்குத் தோட்டங்களில் சாவு கூடியது. கிராமத்தானுக்கு மரவள்ளி ஊன்ற ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துக்காரனுக்கு அதுவும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாதபடி தடுத்தது. அது திருத்தப்பட்டது 2018இல். குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஏறத்தாழத் தீர்ந்த பின்னும் பதினைந்து ஆண்டுகள், வாக்குப் போட்டுத் தேர்ந்த சபையே வாக்காளரின் லயத்துக்குப் பாதை போட முடியாமல் இருந்தது.

நாடற்ற நிலை நீடித்த இந்தப் பின்னணியில்தான், 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் மனிதர்களைக் கணக்காகப் பிரித்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் பிறகு பார்க்கலாம் என்று வைக்கப்பட்டு 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். தலைமன்னார் இறங்குதுறையில் அண்ணன் கப்பலேறத் தங்கை கரையில் நின்ற குடும்பங்கள் இல்லாத தோட்டம் இல்லை. 1971இல் 11 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 லட்சத்து 19 ஆயிரமாக இறங்கியது. 2012இல் அது சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம். இடையில் பலர் தம்மை இலங்கைத் தமிழராகப் பதிந்துகொண்டதால் இந்த எண்களைக் கவனமாகத்தான் கையாள வேண்டும். ஆனால் முதுமையைப் பேசும்போது இதில் முக்கியமான செய்தி வேறு. பெற்றோரைப் பார்க்கும் கைகளில் ஒரு பகுதி கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்விட்டது. 1980களில் கருத்தடைக்குப் பணம் கொடுத்து ஊக்குவித்த திட்டமும் சேர்ந்து, ஆறு ஏழு பிள்ளைகள் பெற்ற குடும்பம் ஒரு தலைமுறையில் இரண்டு மூன்றுக்குச் சுருங்கியது. அரை நூற்றாண்டில் மக்கள்தொகையின் வடிவமே மாறியது. செக்ரோல் ஏட்டின் வடிவம் மாறவில்லை.

தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அப்போது மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கம்பனித் தோட்டங்களின் பதிவுத் தொழிலாளர் தொகை இன்று ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. மீதிப் பேர் மறைந்துவிடவில்லை. அதே லயங்களில் இருந்துகொண்டு வெளி வேலைக்குப் போகிறார்கள், அல்லது கொழும்புக் கடைகளில் தங்கி மாதம் ஒருமுறை வருகிறார்கள். பல வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. காம்பரா கையை விட்டுப் போகாமலிருக்கக் குடும்பத்தில் ஒருவர் பேர் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அம்மாவின் பேர்தான் அப்படி நிற்கிறது. மகன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டலாம், மகள் தையல் ஆலையில் வேலை செய்யலாம். அவர்கள் தங்கும் கூரைக்கான வாடகையை ஐம்பத்தைந்து வயதுத் தாய் மலையேறிக் கட்டுகிறாள். ஓய்வு எடுத்த பின்னும் 'கைக்காசு'க்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களை எந்தத் தோட்டத்திலும் காணலாம். அவர்களுக்கு அன்றன்றைய நிறைக்கு அன்றன்றைய காசு மட்டுமே. சேமலாப நிதியும் இல்லை, வேறு எந்தக் கணக்கும் இல்லை.

சேமலாப நிதி இருக்கிறதே என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் தோட்டத் தொழிலாளருக்கு உண்மையான வெற்றிகள். தொழிற்சங்க முன்னோடி நடேசையர் காலத்திலிருந்து தொழிற்சங்கங்கள் போட்ட உழைப்பு இல்லாமல் இப்படிப்பட்ட சட்டங்கள் தோட்டத்துக்குள் வந்திருக்காது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாட்கூலிக்காரருக்குப் பணிக்கொடை ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாள் சம்பளம். முப்பது வருடம் மலையேறிய பெண்ணுக்கு 420 நாள் சம்பளம். அதாவது, முப்பது வருட உழைப்புக்குப் பின் ஒன்றரை வருடம் கூட இருந்து சாப்பிட முடியாது. சேமலாப நிதியும் மொத்தமாக ஒரே தடவையில் வருவது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. எடுத்த பணம் மகளின் கல்யாணமாக, காம்பராவுக்கு முன்னால் இறக்கிய தாழ்வாரமாக, பழைய கடனாகப் போய்விடும். இதைச் சிக்கனமின்மை என்று சொல்வது அநியாயம். ஒரு குடும்பம் பெரிய தொகை ஒன்றைக் கையில் பார்க்கும் ஒரே நாள் அதுதான் என்றால், அந்தத் தொகைக்காகக் காத்திருந்த எல்லாத் தேவைகளும் அன்றைக்கே கதவைத் தட்டும். முதுமைக்குத் தேவை மாதந்தோறும் வரும் சிறு வருமானம். அதை நாடு பிறருக்குக் கொடுக்க நினைத்ததுண்டு. 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் மீனவர்களுக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. சேமலாப நிதிக்காரர் என்ற பெயரில் தோட்டத் தொழிலாளி அந்த வாசலுக்கே போக முடியவில்லை.

இன்னொரு மறுப்பு, மலையகத்தில் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவதில்லை, முதியோர் பெருகிய ஜப்பான் மாதிரிப் பேச்சு நமக்கு எதற்கு என்பது. பாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பாசத்துக்குக் காம்பரா போதவில்லை என்பதுதான் விஷயம். மூன்று தலைமுறை ஒரே அறையில் இருக்கும்போது படுக்கையில் விழுந்த கிழவரை எங்கே கிடத்துவது? பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் நின்றால் ஒரு பேர் குறையும். நாடு முழுவதையும் எடுத்தால், 1981இல் 60 வயதைக் கடந்தவர் 6.6 சதவீதம், 2012இல் 12.4 சதவீதம். தோட்டத்தில் இந்த விகிதம் தாழ்வானது என்று சொல்லி ஆறுதல் தேடுகிறவர்கள் உண்டு. அது பதிவேட்டுக் கணக்கு. பதிவில் தோட்டத்திலும் நடப்பில் கொழும்பிலும் இருக்கும் இளையவரைக் கழித்துவிட்டு, பகல் பதினொரு மணிக்கு லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணினால் வேறு கணக்கு வரும்.

ஜப்பானைப் பேச வேண்டியது இங்கேதான். அங்கும் தொழிலாளர் நலன் முதலாளியின் வாசலில் தொடங்கியது. ஹொக்கைடோ தீவின் யூபரி நகரம் நிலக்கரிச் சுரங்கத்தால் பிறந்த ஊர். கம்பனி கட்டிய வரிசை வீடுகள், கம்பனி ஆஸ்பத்திரி, கம்பனிக் குளியல் கூடம்; மலைச்சரிவில் அடுக்கடுக்காக நின்ற அந்த வீடுகளின் பழைய படங்களைப் பார்க்கும் மலையகத்தார் எவருக்கும் லயம் நினைவுக்கு வரும். 1960இல் அங்கே ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம் பேர். பெட்ரோலியம் நிலக்கரியின் இடத்தைப் பிடித்தது, விபத்துகள் நடந்தன, சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடின, கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியது. கம்பனிகள் விட்டுப்போன வீடுகளையும் ஆஸ்பத்திரியையும் நகரசபை வாங்கி நடத்தியது. அந்தக் கடனோடு சுற்றுலா முதலீட்டுக் கடனும் சேர்ந்து 2007இல் நகரசபையே நொடித்தது. 171 படுக்கை ஆஸ்பத்திரி 19 படுக்கைச் சிகிச்சை நிலையமானது. இன்று மக்கள் 7,000க்கும் குறைவு. பாதிக்கு மேல் 65ஐக் கடந்தவர்கள். துயரமான கதைதான், இதைப் பின்பற்றத்தக்க மாதிரியாக யாரும் காட்ட மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பனி போனது, நகரசபை விழுந்தது, அப்படியும் யூபரியின் கிழவியின் மாத ஓய்வூதியம் நிற்கவில்லை, மருத்துவக் காப்புறுதி நிற்கவில்லை. காரணம், 1961இல் ஜப்பான் எல்லாக் குடிமக்களையும் மருத்துவக் காப்புறுதிக்குள்ளும் ஓய்வூதியத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்புறுதியையும் சேர்த்தது. அவளுடைய உரிமை சுரங்கக் கம்பனியின் ஏட்டிலிருந்து நாட்டின் ஏட்டுக்கு மாறியிருந்தது.

ஜப்பான் பணக்கார நாடு, நமக்கு முடியுமா என்பார்கள். 1961இன் ஜப்பான் இன்றைய ஜப்பான் அல்ல. அதே வருடம்தான் அது புதிய ரயில் பாதை போட உலக வங்கியிடம் 8 கோடி டொலர் கடன் வாங்கியது. அப்போது அங்கே 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். வயதானவர்கள் குறைவாக இருந்தபோதே திட்டத்தைப் போட்டதால்தான், 1970இல் 7 சதவீதமாகவும் 1994இல் 14 சதவீதமாகவும் இப்போது 29 சதவீதமாகவும் அந்தத் தொகை ஏறியபோது தாங்க முடிந்தது. தாங்குவது அங்கும் இன்று கடினமாகிவருகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே நடக்கும் வாதம் எவ்வளவு கொடுப்பது, யார் எவ்வளவு கட்டுவது என்பது பற்றியது. கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அங்கே தீர்ந்து அறுபது ஆண்டுகளாகின்றன. மலையகத்தில் அதுதான் இன்னும் தீரவில்லை. தோட்டத்துப் பாட்டி பிரதேச செயலகத்துக்குப் போனால் தோட்டத்தில் கேள் என்பார்கள், தோட்டத்தில் கேட்டால் பேர் வெட்டியாயிற்று என்பார்கள்.

கம்பனிகள் தம்மால் இதைச் சுமக்க முடியாது என்கின்றன. நான் அதை ஏற்கிறேன். தேயிலையின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கும்போது, ஓய்வுபெற்றவர்களின் இருபது ஆண்டு வாழ்க்கையை ஒரு தோட்டத்தின் வரவு செலவில் கட்டித் தொங்கவிடுவது தோட்டத்துக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. ஆனால் அந்த வாதத்தின் மறுபாதியையும் கம்பனிகள் ஏற்க வேண்டும். நலனைச் சுமக்க முடியாதவர் கூரையைப் பிடித்து வைத்துக்கொண்டு உழைப்பைக் கேட்க முடியாது. காம்பராவும் காணியும் செக்ரோலிலிருந்து பிரிய வேண்டும். அதற்கு ஒரு தொடக்கம் பூண்டுலோயாவிலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய அரசின் உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. மகாத்மா காந்திபுரம் என்று பெயரிட்டார்கள். குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, தனிச் சுவர், தனி வாசல். அதே ஆண்டில்தான் பிரதேச சபைச் சட்டத்தின் பழைய தடையும் திருத்தப்பட்டது, மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தோட்ட ஆபீசின் விலாசத்தில் கடிதம் வாங்கியவர்களுக்கு வீட்டு இலக்கம் என்பது சிறிய மாற்றம் அல்ல.

ஆனால் வீட்டோடு நின்றுவிட்டால் ஏட்டின் ஒரு பத்தி மட்டுமே திருத்தப்பட்டதாகும். மாதாந்த முதியோர் ஓய்வூதியமும், வீடு தேடி வரும் அரச சுகாதாரத் தாதியும், பகலில் கிழவர்கள் கூடி உட்கார ஓர் இடமும், ஒரு காலத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது போல, தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் வேண்டும். பிள்ளைக் காம்பராக்களை இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் மாற்றி நடத்துகிறார்கள். பிள்ளைகள் குறைந்து கட்டடங்களில் இடம் மிஞ்சும் பிரிவுகளில் முதியோருக்கு அதே கூரையைக் கொடுக்க ஒரு புதுச் சட்டம் கூடத் தேவையில்லை. 2019இல் இலங்கை ஜப்பானோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நம் இளைஞர்கள் ஜப்பானிய மொழி படித்து, பயிற்சி பெற்று, அங்குள்ள முதியோரைப் பராமரிக்கப் போகலாம். அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பகுதி அந்தப் பராமரிப்புக் காப்புறுதியிலிருந்து வருவது. அந்தப் பயிற்சி பெற்ற ஒருவர், லயத்தில் படுத்திருக்கும் தன் பாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்து, புண் வராமல் முதுகு துடைத்து, அதற்கு ஒரு முழுப் பேர் வாங்கும் வேலை பூண்டுலோயாவில் இன்றுவரை இல்லை.